தறி இருக்கும் ஊரில் ஒரு புத்தக அலமாரி

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் நெசவாளியின் வீட்டுக்குப் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்து இறக்கிய சேலை காஞ்சிபுரம் வழியாகச் சிங்கப்பூர், டொராண்டோ என்று கல்யாண வீடுகளுக்குப் போகிறது. இத்தனை தூரத்துச் சரக்கு வந்து போகும் தெருவுக்கு, நெசவாளியின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு தமிழ் நாவல் வந்து சேர்வது மட்டும் பெரும்பாடாக இருக்கிறது. எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’யைப் படிக்க ஒருவர் ஆசைப்பட்டால் காஞ்சிபுரத்துக்குப் பேருந்து ஏறித் தேட வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் சென்னை. அதற்கும் நேரமில்லை என்றால் கைப்பேசியில் பணம் கட்டிவிட்டுத் தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் நடப்பதற்கு முன்னால், அப்படி ஒரு நாவல் இருக்கிறது என்பதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சொல்வதற்கு ஆள் இல்லாமல் போவதுதான் சிற்றூர்களின் உண்மையான புத்தகப் பஞ்சம். அந்தச் சொல்லும் வேலையைச் செய்பவர் புத்தகக் கடைக்காரர். நல்ல கடைக்காரருக்கு, வந்து நிற்பவர் போன முறை எதை வாங்கினார், எதைப் பாதியில் மூடினார் என்பது நினைவிருக்கும். “அது பிடித்திருந்தால் இதைப் பாருங்கள்” என்று அவர் எடுத்து நீட்டும் ஒரு புத்தகம், பத்து விளம்பரங்கள் செய்யாத வேலையைச் செய்துவிடும். கோவை விஜயா பதிப்பகம், சென்னை கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல் என்று தமிழ்நாட்டில் பெயர் சொல்லக்கூடிய தனிக்கடைகள் இருக்கின்றன. பெரிய நிறுவனத்தின் கிளையாக இல்லாமல், ஒருவரோ சில நண்பர்களோ தங்கள் ரசனையையும் கைப்பணத்தையும் போட்டு நடத்தும் கடைகள் இவை. இவற்றில் பல, மாலையில் கூட்டம் நடக்கும் இடங்களாகவும் இருக்கின்றன. எழுத்தாளர் வருவார், நாற்பது பேர் உட்காருவார்கள், கேள்வி கேட்பார்கள், போகும்போது ஆளுக்கொரு புத்தகம் எடுத்துப் போவார்கள்.

இது பெருநகரத்துக்கு மட்டுமே சாத்தியம் என்பவர்கள் திருவண்ணாமலையைப் பார்க்கலாம். கிரிவலக் கூட்டத்தை நம்பிச் சாப்பாட்டுக் கடையும் பூஜைச் சாமான் கடையும் வரிசை கட்டும் கோயில் ஊர் அது. அந்த ஊரில் இருந்துகொண்டுதான் கே.வி. ஷைலஜாவும் பவா செல்லதுரையும் வம்சி புக்ஸை வளர்த்தார்கள். மொழிபெயர்ப்புகள், கதைகள், கவிதைகள் என்று அங்கிருந்து தமிழகம் முழுக்கப் புத்தகம் போனது. இன்னும் பின்னால் போனால் சிவகங்கை. கவிஞர் மீரா கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே 1970-களில் அன்னம் பதிப்பகத்தைத் தொடங்கினார். கி. ராஜநாராயணனின் எழுத்து பலருக்கும் அன்னத்தின் அழகான அட்டைகளோடுதான் கைக்கு வந்தது. நாகர்கோவிலிலிருந்து காலச்சுவடு வந்தது. தமிழில் நல்ல புத்தகம் சென்னையில்தான் பிறக்க வேண்டும் என்ற விதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. விற்பதற்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

சிறிய கடைகளின் கழுத்தைப் பிடிப்பவை பெரும்பாலும் வெளியில் தெரியாத சின்னச் சின்ன ஆணைகள். 2024 டிசம்பர் 18 அன்று இந்திய அஞ்சல் துறை பதிவுப் புத்தகத் தபால் சேவையை நிறுத்தியது. ஐந்து கிலோ புத்தகத்தை எண்பது ரூபாய்க்குள் நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்ப உதவிய சேவை அது. தலைநகரில் வட்டாரக் கிடங்கு வைத்திருக்கும் இணைய நிறுவனத்துக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஊர் ஊராகப் பொட்டலம் கட்டி அனுப்பிக்கொண்டிருந்த தனிக்கடைகளுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும்தான் அடி விழுந்தது. இருநூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு அறுபது, எழுபது ரூபாய் கூரியர் கொடுக்க எந்த வாசகர் முன்வருவார்? எதிர்ப்புக் குரல்களுக்குப் பிறகு, 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற புதிய சேவை வந்தது. முந்நூறு கிராம் வரை இருபது ரூபாய், ஐந்து கிலோ வரை நூறு ரூபாய், வரி தனி. இது நல்ல மாற்றம், வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் வெளியீடுகளுக்கு இதில் இடமில்லை. சிற்றிதழ்களின் மடியில் வளர்ந்த இலக்கியம் நவீனத் தமிழ் இலக்கியம். இருநூறு சந்தாதாரர்களை வைத்துக்கொண்டு மூச்சுவிடும் ஒரு காலாண்டிதழ் என்ன செய்யும் என்பதை அஞ்சல் துறை யோசித்துப் பார்க்க வேண்டும். ஐயம்பேட்டை அஞ்சலகத்தில் ‘ஞான் போஸ்ட்’ என்றொரு சேவை இருப்பதை எழுதி ஒட்டிவைத்தால்கூடப் பாதி வேலை முடிந்துவிடும்.

தாள் கதையும் இப்படித்தான். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது பெருமையாகச் சொல்லப்படுகிறது. தாளுக்கு வரி உண்டு. விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது புத்தகத்தின் விலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு நடுவில்தான் புத்தகக் காட்சிகள் வருகின்றன. சென்னையில் 1977-ல் ஒரு பள்ளி வளாகத்தில் தொடங்கிய காட்சி இன்று பொங்கலை ஒட்டிய பெரும் சந்தையாகிவிட்டது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005-ல் தொடங்கிய புத்தகத் திருவிழா, தலைநகருக்கு வெளியேயும் கூட்டம் கூடும் என்பதைக் காட்டியது. அண்மை ஆண்டுகளில் தமிழக அரசே எல்லா மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழா நடத்துகிறது. காஞ்சிபுரத்திலும் நடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து, உண்டியலில் சேர்த்த காசில் முதல் புத்தகம் வாங்கும் காட்சியைப் பார்த்தவர்கள் இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. பத்துப் பதினோரு நாள் கழித்துப் பந்தலைப் பிரித்ததும் மாவட்டத்தில் புத்தகம் இருந்ததற்கான தடயமே இல்லாமல் போய்விடுகிறது. ஆடியிலோ ஐப்பசியிலோ ஒரு பிள்ளைக்கு அடுத்த புத்தகம் தேவைப்பட்டால், அடுத்த ஆண்டுவரை பொறுத்திரு என்பதுதான் நடைமுறைப் பதில்.

காட்சியில் கிடைக்கும் பத்துச் சதவீதத் தள்ளுபடி வாசகரிடம் ஒரு பழக்கத்தையும் விதைத்துவிட்டது. கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு, “காட்சி வரட்டும், வாங்கிக்கொள்வோம்” என்று வைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. இணையத்தில் தள்ளுபடி இன்னும் கூடுதல். வாடகையும் மின்கட்டணமும் கட்டி வருஷம் முழுக்கக் கதவைத் திறந்து வைத்திருப்பவருக்கு இதில் என்ன மிச்சம்? பிரான்ஸ் நாடு இந்தக் கேள்வியை 1981-லேயே எதிர்கொண்டது. கலாச்சார அமைச்சர் ஜாக் லாங்கின் பெயரால் அறியப்படும் சட்டம், புத்தகத்தின் விலையைப் பதிப்பாளரே நிர்ணயிக்க வேண்டும், யாரும் ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று வரம்பு கட்டியது. பெரிய கடை விலையைக் குறைத்துச் சின்னக் கடையை ஒழிக்கும் வழி அதோடு அடைபட்டது. இணைய நிறுவனங்கள் இலவசமாக அனுப்புகிறோம் என்று வேறு வழியில் நுழைந்தபோது, 2023 அக்டோபர் முதல் முப்பத்தைந்து யூரோவுக்குக் குறைவான புத்தக ஆர்டருக்குக் குறைந்தது மூன்று யூரோ அனுப்பும் கட்டணம் வாங்கியே ஆக வேண்டும் என்றும் விதி வந்தது. பிரெஞ்சு நகரங்களின் தெருமுனைகளில் இன்றும் புத்தகக் கடைகள் உயிரோடு இருப்பதற்கு இந்தச் சட்டத்தின் பங்கு பெரிது. தமிழ்நாட்டில் அப்படியே பின்பற்ற முடியாமல் போகலாம். தள்ளுபடி யாரை வாழவைக்கிறது, யாரை மூடவைக்கிறது என்ற பேச்சையாவது பதிப்பாளர்கள் வெளிப்படையாகத் தொடங்க வேண்டும்.

நூலகம் இருக்கிறதே, கடை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்கு உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டும் மக்கள் இந்த மாநிலத்து மக்கள். அதற்கும் முன்னால், 1931-லேயே மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிப் போன நூலகம் ஓடியது. அப்படிப்பட்ட மரபு. ஆனாலும் நூலகத்தின் வேலை வேறு, கடையின் வேலை வேறு. நூலகத்துக்கான கொள்முதல் மேலிருந்து முடிவாகிறது. எந்தத் தெருவில் நெசவாளர்கள் இருக்கிறார்கள், எந்த ஊரில் மீனவர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்து அந்தப் பட்டியல் தயாராவதில்லை. தவிர, நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சொந்தமாக வாங்கிய புத்தகம் வீட்டில் கிடக்கும். இன்று அப்பா படிப்பார், எட்டு வருஷம் கழித்து மகள் எடுப்பாள்.

புத்தகம் தெருவுக்கு வந்த காலமும் தமிழ்நாட்டில் உண்டு. ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்த ‘முச்சந்தி இலக்கியம்’ நூல், காலணா அரையணாவுக்குச் சந்தையிலும் ரயிலடியிலும் விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களின் உலகத்தைத் திறந்து காட்டுகிறது. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து என்று அன்றைய செய்திகள் பாட்டாக விற்றன. 1951-ல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், மாஸ்கோவில் தமிழில் அச்சான புத்தகங்களைக் கிட்டத்தட்டத் தாள் விலைக்கு ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது. வண்டியில் புத்தகம் ஏற்றிச் சென்று விற்ற அந்த முறையால்தான் டால்ஸ்டாயும் கார்க்கியும் எத்தனையோ சின்ன ஊர்களுக்குள் நுழைந்தார்கள். திராவிட இயக்கமோ ஒவ்வொரு தெருவிலும் ஒரு படிப்பகம் திறந்தது. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

காஞ்சிபுரம் பகுதிக்கு இந்த வரலாற்றில் தனி உரிமை உண்டு. 1909-ல் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரை, 1942-ல் ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கியது சொந்த ஊரில்தான். நெசவும் அச்சும் ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருந்தன.

அப்படியானால் ஐயம்பேட்டையில் ஒரு தனிக்கடை தொடங்கினால் அதன் முதல் அலமாரியில் என்ன இருக்க வேண்டும்? தன்னம்பிக்கைப் புத்தகமும் ஜோதிடப் புத்தகமும் எப்படியும் வந்துவிடும். முதலில் வைக்க வேண்டியது, இந்த ஊர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள உதவும் புத்தகங்கள்.

முதல் இடம் ‘வேள்வித் தீ’க்கு. 1975-ல் வந்த இந்த நாவலின் களம் கும்பகோணம், மனிதர்கள் சௌராஷ்டிரப் பட்டு நெசவாளர்கள். வெங்கட்ராம் தறியை வெளியிலிருந்து பார்த்து எழுதியவர் இல்லை. அந்தச் சமூகத்திலேயே பிறந்தவர், ஜரிகை வியாபாரம் செய்தவர். 1948-ல் ‘தேனீ’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கி அதில் கைப்பணத்தைக் கரைத்தவர். ‘காதுகள்’ நாவலுக்காக 1993-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ‘வேள்வித் தீ’யில் கூலியும் கடனும் முதலாளி உறவும், ஒரு தனிமனிதனின் ஆசைகளோடும் தடுமாற்றங்களோடும் பின்னிக்கொண்டு போகின்றன. ஏழை என்பதாலேயே ஒருவரைப் புனிதராக்கிவிடாத நேர்மை அந்த எழுத்துக்கு இருக்கிறது. பட்டுத் தறி வீட்டில் வளர்ந்த ஒருவர் இதைப் படித்தால், நகரத்து வாசகருக்குப் பிடிபடாத எத்தனையோ நுணுக்கங்கள் அவருக்குப் பிடிபடும்.

அடுத்தது தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’. இது பருத்திக் கைத்தறிக்காரர்களின் கதை, நெல்லைச் சீமைக் களம். இந்த நாவல் வெளியான 1953-ஐக் கவனிக்க வேண்டும். நூல் விலையும் தேக்கமும் சேர்ந்து கைத்தறியை முடக்கியிருந்த காலம். வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அப்போதைய முதல்வர் ராஜாஜி வாதாடினார். அவருக்கு எதிர் அணியில் இருந்த அண்ணாவும் தி.மு.க. தலைவர்களும் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அரசியலில் எதிரெதிர்த் துருவங்களாக இருந்தவர்களை ஒரே கோரிக்கையின் பக்கம் நிற்கவைத்த பஞ்சம் அது. அந்தக் காலத்துத் தறி வீட்டு அடுப்பில் என்ன எரிந்தது, எரியவில்லை என்பதைச் சட்டமன்றக் குறிப்புகள் சொல்லாது, ரகுநாதன் சொல்வார். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் இந்த நாவலைச் செக் மொழிக்குக் கொண்டுபோனார். பிராகாவில் படித்தார்கள். ஐயம்பேட்டையிலும் படிக்கலாம்.

மூன்றாவது பாரதிநாதனின் ‘தறியுடன்’. விசைத்தறித் தொழிலாளர்களின் சங்கப் போராட்டத்தை உள்ளிருந்து சொல்லும் நாவல். சமுத்திரக்கனி நடித்து 2021-ல் வந்த ‘சங்கத்தலைவன்’ படத்துக்கு இதுதான் மூலம். படத்தைப் பார்த்தவரிடம், “இதன் முழுக் கதையும் புத்தகத்தில் இருக்கிறது” என்று சொல்லி விற்பது கடைக்காரருக்கு எளிது. விசைத்தறி என்றாலே முகம் சுளிக்கும் கைத்தறிக்காரர்களுக்கு, அந்தப் பக்கத்தில் நிற்பவரும் கூலிக்காரர்தான் என்பதைக் காட்டும் புத்தகமாகவும் இது இருக்கும். இதோடு சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’யையும் சேர்த்து வைக்கலாம். திருப்பூரில் சாயத்தண்ணீர் என்ன செய்தது என்பதைச் சொல்லும் நாவல் அது. துணிக்கு நிறம் ஏறும் இடத்தில் வேறு எதிலெல்லாம் நிறம் ஏறுகிறது என்ற கேள்வி எல்லா நெசவு ஊருக்கும் பொது.

வரலாற்றுப் பக்கம் போனால் மனம் கனக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர்களைப் பற்றிய ஆழமான ஆய்வுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. விஜயா ராமசாமி 1985-ல் வெளியிட்ட இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர்கள் பற்றிய நூல், கோயில் கல்வெட்டுகளிலிருந்து நெசவாளர் வாழ்க்கையைத் தேடி எடுத்தது. கோயிலுக்குத் துணி கொடுத்தவர்கள், கோயிலில் மரியாதை கேட்டுப் போராடியவர்கள், வரி தாங்காமல் ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். அமெரிக்க மானுடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ் 1984-ல் எழுதிய ‘தி வாரியர் மெர்ச்சன்ட்ஸ்’, செங்குந்தர்களான கைக்கோளர்களின் எழுபத்திரண்டு நாட்டு அமைப்பையும் அதன் தலைமையிடமாகக் காஞ்சிபுரம் இருந்ததையும் விவரிக்கிறது. ஆர்த்தி கௌலரா 2018-ல் வெளியிட்ட ‘வீ ஹூ வோவ் வித் லோட்டஸ் த்ரெட்’ பத்மசாலியர் நெசவாளர்களைப் பற்றியது. இந்த மூன்றும் தமிழில் மலிவுப் பதிப்பாக நெசவாளர் தெருக்களில் கிடைக்க வேண்டும். யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் கைக்கு வராத ஆய்வு, வேலை பாதியில் நின்ற ஆய்வு. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகமும் மொழிபெயர்ப்புக்கு நிதி தரும் அமைப்புகளும் இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டால், காஞ்சிபுரம் மாவட்டம் முழுக்க அதற்கு வாசகர்கள் இருக்கிறார்கள்.

கோயிலுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கினால், அதில் முதல் பெயர் சி. மீனாட்சியாக இருக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பல்லவர் கால ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றிய அவருடைய நூல் 1938-ல் வந்தது. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வம்ச வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எழுதியவர் அவர்தான். முப்பத்தைந்து வயதைத் தொடுவதற்குள், 1940-ல் இறந்துபோனார். அந்தச் சிற்ப ஆய்வு அடுத்த ஆண்டுதான் அச்சானது. கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் பள்ளிகள் மீனாட்சியின் கதையைச் சொன்னால், கல்லைப் படிக்கவும் ஆள் வேண்டும் என்பதும், அந்த ஆள் ஒரு பெண்ணாக இருந்தார் என்பதும் அவர்களுக்குத் தெரியவரும்.

குழந்தைகளுக்கான தட்டு இந்த ஊரில் மிக முக்கியம். அதற்குக் காரணம் கசப்பானது. கோர்வைச் சேலை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் கரைப்பக்கத்து நாடாவைத் தள்ள உதவிக்கு ஒருவர் தேவை. நெடுங்காலம் அந்த இடத்தில் ஒரு சிறுவனோ சிறுமியோ உட்கார்ந்திருந்தார்கள். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் கடனுக்காக வேலை செய்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் வெளியிட்ட அறிக்கை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சட்டமும் தொண்டு அமைப்புகளும் பள்ளிகளும் சேர்ந்து பாடுபட்டதில் நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. தறியிலிருந்து எழுந்து பள்ளிக்குப் போன முதல் தலைமுறை இன்று பெற்றோராகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகமும் உண்டு என்று காட்டும் பொறுப்பு ஊருக்கு இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்து வெளியிட்ட சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் நல்ல தொடக்கம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழ் 1987-லிருந்து வருகிறது. பள்ளியில் ஒரு கதையை ருசித்த பிள்ளை சாயங்காலம் அடுத்ததைத் தேடும்போது, நடந்து போகும் தூரத்தில் அது இருக்க வேண்டும்.

யார் முதல் போடுவது? இந்தக் கேள்விக்கு நெசவாளர்களிடமே பதில் இருக்கிறது. கூட்டுறவு என்றால் என்ன என்று இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியது 1935-ல். காஞ்சிபுரம் வட்டாரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தலைமுறைகளாக இயங்குகின்றன. புத்தகத்தையும் கூட்டுறவில் விற்கலாம் என்று பக்கத்துக் கேரளம் எப்போதோ செய்து காட்டிவிட்டது. 1945-ல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, நூற்றிருபது ரூபாய் முதலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எம்.பி. பால் தலைவர், காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர். அந்தச் சாகித்ய பிரவர்த்தக சங்கம் எழுத்தாளருக்கு முப்பது சதவீத ராயல்டி கொடுத்தது. 1949-ல் நேஷனல் புக் ஸ்டால் அதன் விற்பனைப் பிரிவானது. மலையாள வாசிப்பின் பரவலுக்கு நூலக இயக்கத்தோடு இந்தக் கடைகளும் தோள் கொடுத்தன. நூற்றிருபது ரூபாயில் தொடங்கிய காரியம் அது.

ஐயம்பேட்டைக்குக் கட்டடம்கூட வேண்டாம். சங்கத்து விற்பனை நிலையத்தின் ஒரு சுவர் போதும். கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு வருகிறவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். சேலை பார்ப்பவர்கள் பார்க்க, உடன் வந்தவர்கள் புத்தகம் பார்ப்பார்கள். பதிப்பாளர்கள் கடைகளுக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை கழிவு தருவது வழக்கம். விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி அனுப்பு என்ற ஏற்பாட்டுக்கும் பலர் சம்மதிப்பார்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா முடியும் நாளில் அரங்குகள் ஆளுக்குச் சில பிரதிகளை இப்படியொரு அலமாரிக்கு விட்டுப் போகலாம். மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கையில் இதை நடத்திவிட முடியும். உள்ளூரில் படிப்பில் ஆர்வமுள்ள ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரோ, பட்டப்படிப்பு முடித்த பெண்ணோ மாலை நேரங்களில் அலமாரியைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒருவர்தான் முக்கியம். சம்பளம் கொடுத்தாவது அந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆள் இல்லாத அலமாரியில் தூசுதான் சேரும்.

தறியில் கையும் காலும் கட்டுண்டவருக்குப் படிக்க நேரம் ஏது என்று ஒரு நியாயமான கேள்வி எழும். கியூபாவின் சுருட்டுத் தொழிலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1865-லிருந்து ஹவானா ஆலைகளில் ஒருவர் மேடையில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, நூற்றுக்கணக்கானவர்கள் புகையிலை சுருட்டிக்கொண்டே கேட்டார்கள். படிப்பவருக்கான கூலியைத் தொழிலாளர்கள் தங்கள் பையிலிருந்து கொடுத்தார்கள். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். எந்த நாவல் என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். அலெக்சாந்தர் தூமாவின் ‘மான்ட்டி கிறிஸ்டோ’ அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதால் ஒரு சுருட்டுக்கே அந்தப் பெயர் வந்தது. தறி வீடுகளில் வானொலி பாடிக்கொண்டே இருந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நெய்கிறவரின் காது சும்மாதான் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளே ஒரு நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து, பதிப்பாளர் அனுமதியோடு கைப்பேசியில் பதிந்து தெருவுக்கு அனுப்பலாம். கேட்டு ருசித்தவர்களில் சிலர் புத்தகத்தையும் கேட்டு வருவார்கள்.

1905-ன் சுதேசி இயக்கத்தை நினைவுகூர்ந்து 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று மூத்த நெசவாளர்களுக்குச் சால்வை போடுகிறார்கள், கண்காட்சி வைக்கிறார்கள். வரும் ஆகஸ்ட் 7 அன்று ஐயம்பேட்டைச் சங்கங்களில் ஏதாவது ஒன்று, அந்த நிகழ்ச்சியோடு ஒரு மேஜையையும் போட்டு இருபது முப்பது புத்தகங்களைப் பரப்பி வைக்கலாம். சால்வைக்குப் பதில் ‘வேள்வித் தீ’யைக் கையில் கொடுக்கலாம். ‘பஞ்சும் பசியும்’ நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை, பத்தாம் வகுப்பு படிக்கும் தறி வீட்டுப் பெண் ஒருத்தி மைக்கில் படிக்கலாம். எத்தனை பிரதி விற்றது, யார் எதைக் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், செப்டம்பரில் எந்தப் பதிப்பகத்துக்கு என்ன ஆர்டர் போடுவது என்பது தெரிந்துவிடும்.